இலையில் உப்பு சொட்டும் மரம்! காரங்காட்டில் ஒரு விடியற்காலை கயாக் பயணம்

(திரையில்: அரை இருட்டு. துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும்.)

இந்த இலையைப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிறது அல்லவா? பனித்துளி என்றுதானே நினைப்பீர்கள்? விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பு! அப்படி ஒரு கரிப்பு. இது எப்படி நடக்கிறது என்று வீடியோவின் நடுவில் சொல்கிறேன், ஓட்டி விடாமல் பாருங்கள்.

வணக்கம் மக்களே. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பது எங்கள் ராமநாதபுரத்தைத்தான். அந்த மாவட்டத்தில்தான் இப்போது தண்ணீரின் நடுவே, கடலோர உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்திக் காட்டுக்குள், கயாக் என்ற சின்னப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஊர் காரங்காடு. தேவிபட்டினம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்குப் போகும் வழியில் பிரிய வேண்டும். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இது. பின்னணி இவ்வளவு போதும், தண்ணீருக்கு வருவோம்.

ஏன் விடியற்காலை? சூரிய உதயம் அழகு, அது சரி. உண்மையான காரணம் காற்று. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் தரையிலிருந்து கடல் பக்கம் லேசான காற்றுதான் வீசும். வெயில் ஏறித் தரை சுட ஆரம்பித்ததும் கடற்காற்று கிளம்பிவிடும். இந்தக் கரையை ஒட்டிய பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழமில்லாத தண்ணீரில் காற்று பட்டால் அலை குட்டை குட்டையாக, அடுத்தடுத்து வரும். பெரிய படகுக்கு அது ஒன்றுமே இல்லை, கயாக்கைப் பாடாய்ப் படுத்திவிடும்.

மாதமும் முக்கியம். ராமேசுவரம் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், இந்தப் பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள். பெண் கடல் சாது என்று நம்பி வாடைக் காற்று காலத்தில் வந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொந்தளிப்பது இந்தப் பக்கம்தான். நாங்கள் வந்தது மார்ச் மாதம். தண்ணீர் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கிறது.

கூட வந்த வழிகாட்டி இந்த ஊர்த் தம்பி. உயிர்காப்புச் சட்டையின் வாரை அவரே இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏறவிட்டார். "கையால வலிக்காதீங்கண்ணே, இடுப்பைத் திருப்பி வலிங்க" என்றார். இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்பு இது. கையை மட்டும் நம்பினால் பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். இடுப்பைத் திருப்பியதும் படகு தானாக வழுக்கிக்கொண்டு போகிறது!

(திரையில்: சூரியன் பாதி வெளியே. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி நிற்கும் வேர்கள்.)

சரி, இப்போது அந்த இலை. மரத்தின் பெயர் வெண்கண்டல். அறிவியல் பெயர் அவிசென்னியா மெரினா. சேற்றில் காற்று கிடையாது, அதனால்தான் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. குடிப்பதற்கும் உப்புத் தண்ணீரைத் தவிர வேறில்லை. அந்த உப்பில் பெரும் பகுதியை வேரே வெளியே நிறுத்திவிடும். மீறி உள்ளே வந்ததை இலையில் இருக்கும் உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். அடைமழைக் காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி நீர் விட்டு நிற்குமே, அதேதான் இங்கேயும். இரவு முழுக்கக் காற்றில் இருக்கும் ஈரத்தை அந்த உப்பு இழுத்து வைத்துக்கொள்கிறது. விடியும்போது பார்த்தால் சொட்டு! வெயில் ஏறியதும் காய்ந்து வெள்ளைப் பொடியாக மின்னும். போகும்போது ஒரு கிளையை நன்றாக அடையாளம் வைத்துக்கொண்டேன். எட்டரை மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் சொட்டைக் காணோம், கோலமாவு தூவியது போல இலை முழுக்க உப்பு. எனக்கு இந்தப் பயணத்தில் சூரிய உதயத்தை விடப் பிடித்தது இதுதான்.

இன்னொரு சந்தோஷமான விஷயம். அபுதாபியில் பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் நிற்பதும் இதே மரம்தான். அரபியில் குர்ம் என்பார்கள். அந்தக் காட்டுக்குள்ளும் இதே மாதிரி கயாக்கில் கூட்டிப் போகிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறோம். ஊர் மரம் அங்கேயும் நிற்கிறது என்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். கொக்கும் நாரையும் இரை தேடும் நேரம் இது, நம் பாட்டுச் சத்தத்தில் பறந்துவிட்டால் அவற்றின் காலைச் சாப்பாடு போச்சு. துடுப்பை அந்த மூச்சு வேர்களில் ஊன்றித் தள்ளாதீர்கள், ஒடிந்துவிடும். எத்தனை மணிக்குப் படகு எடுப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அபுதாபியில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த விடுமுறை நாளில் விடியற்காலை ஒரு குர்ம் மரத்துக்குப் பக்கத்தில் போங்கள். இலையைப் பறிக்காமல் விரலால் தொட்டு ருசி பாருங்கள். அங்கேயும் இதே கரிப்புத்தானா என்று கமெண்டில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.