அப்பாவின் கால்சட்டையில் ஒரு போர்வை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நம் வீடுகளில் நைந்துபோன நூல் சேலையை யாரும் உடனே தூக்கிப் போடுவதில்லை. பிள்ளைக்குத் தூளி கட்டுவோம். நாலாக மடித்து, ஓரம் அடித்து, கீழே விரித்துக்கொள்வோம். பழந்துணியின் மெதுமெதுப்பு புதுத்துணிக்கு வராது. உடுத்தியவரின் வாசனையும் அதில் தங்கியிருக்கும். இது தெரிந்தவர்களுக்கு, நான் இன்று சொல்லப்போகும் போர்வை சட்டென்று புரியும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ள, நடுவே கிடக்கிறது. அங்கே வாழ்பவர்கள், பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வம்சம். தோட்ட முதலாளியின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்வே, பெட்வே என்றுதான் பெயர்கள்.

அந்த ஊரில் 1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண் கணவரை இழந்தார். வயலில் போட்டு உழைத்த அவருடைய கால்சட்டைகளும் சட்டைகளும் வீட்டில் மிஞ்சின. அவர் நினைவாக அவற்றையே போர்வையாகத் தைத்து, அந்த அன்புக்குள் போர்த்திப் படுத்துக்கொள்வேன் என்றாராம் மிசௌரி. இதைச் சொன்னவர் மகள் அர்லோன்ஸியா. துணியைக் கிழித்துக் கொடுத்ததும் அவர்தான். கால்சட்டையின் கீழ்ப்பக்கம் குறுகல், மேல்பக்கம் அகலம். அந்த மேல்பக்கத்தை வெட்டி ஒரே அளவுப் பட்டைகளாக்குவது மகளின் வேலை.

இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், அப்பாவின் கால்சட்டையை மடியில் போட்டுக் கத்தரியை எடுக்கிறாள். நான் எத்தனையோ முறை இந்த இடத்திலேயே நின்றுவிட்டிருக்கிறேன். தையல் கற்றுக்கொள்ள இதைவிடக் கனமான பாடம் இருக்குமா? அந்தப் போர்வை இன்று வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அந்த ஊரில் போர்வை தைத்தது முதலில் குளிருக்காகத்தான். பலகை இடுக்குகளில் காற்று நுழையும் குடிசைகள். சுவரில் பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைப்பார்கள். துண்டுகளை இணைத்து மேல்துணியை ஒவ்வொருத்தியும் தனியாகத் தைப்பாள். அதற்கும் அடித்துணிக்கும் நடுவே, பொறுக்கிச் சேர்த்த பஞ்சைக் குச்சியால் அடித்துப் பரப்புவார்கள். அப்புறம் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஜெபப் பாட்டுப் பாடிக்கொண்டே மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். சட்டத்துக்குக் கீழே குழந்தைகள். அண்ணாந்து பார்த்தால் ஊசி இறங்குவதும் ஏறுவதும் தெரியும். பள்ளிக்கூடம் அதுதான்.

தாய் தையலைக் கற்றுக்கொடுப்பாள், வடிவத்தை மகளிடமே விட்டுவிடுவாள். சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக வளரும் ஒரு வடிவத்துக்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயர். எந்த வடிவத்திலும் அடங்காமல் மனம்போனபடி தைத்தால் அதற்கு ‘என் வழி’ என்று பெயர். எவ்வளவு அழகான பெயர்! ஏயோலார் மோஸ்லி என்ற தாய், அவர் மகள் மேரி லீ பெண்டால்ஃப், மேரி லீயின் மகள் எஸ்ஸி என்று மூன்று தலைமுறையும் தைத்தார்கள். பழந்துணியில்தான் உயிரும் அன்பும் இருக்கிறது என்பார் மேரி லீ.

1966-இல், கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய காலத்தில், அந்த வட்டாரப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை விற்றார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்கு, கார்டுராய் என்னும் வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் வந்தது. உறைகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கவேண்டும். ஆனால் வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்கு வந்ததும் என்ன ஆயின தெரியுமா? இரத்தச் சிவப்பும் பொன்மஞ்சளுமாகப் புதுப் புதுப் போர்வைகள் ஆயின.

2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இந்தப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை இவற்றின் படத்தோடு 10 தபால்தலைகள் வெளியிட்டது. சரி, அந்தப் பெருமையெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறொன்று. மேரி லீயின் மருமகள் லூசியானா தையலையே விட்டிருந்தவர். ஹூஸ்டனில் தன் சொந்தங்களின் போர்வைகளைச் சுவரில் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியிலேயே, புதிய போர்வைகள் அவர் மனக்கண்ணில் தோன்ற ஆரம்பித்துவிட்டன. மறுபடியும் ஊசியை எடுத்தார்.

என் அம்மா தவறி ஒரு வருஷம் ஆகிறது. பீரோவில் அவருடைய ஆறு நூல் சேலைகள் இருக்கின்றன. இத்தனை நாள் மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கீழே விரித்து, என் மகளிடம் கத்தரியைக் கொடுத்தேன். “எப்படிம்மா வெட்டணும்?” என்று கேட்டாள். சொல்லவில்லை. ஊதா நிறச் சேலையைத்தான் முதலில் எடுத்திருக்கிறாள்.

வணக்கம்.