பூட்டிய வீட்டுக்கு எதற்கு நாய்?

(ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

அவைக்கு வணக்கம். ஆச்சிமார்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், சந்தோஷம். நாயை வாங்கி வருவது அண்ணன்மார்கள். சோறு வைப்பது நீங்கள்தான்.

கம்பன் விழா நடக்கும் ஊரில் நாயைப் பற்றிப் பேச்சா என்று வாசலில் ஒரு பெரியவர் சிரித்தார். குகனே இராமனைக் காண 'நாயடியேன்' என்றுதானே வந்து நிற்கிறான் என்றேன். சரி, போய்ப் பேசும் என்று உள்ளே விட்டுவிட்டார். அப்புறம், வைரவர் கோயில் இருக்கிற வைரவன்பட்டி எவ்வளவு தூரம்? பிள்ளைக்கு வைரவன் என்று பேர் வைப்பதும் நாம்தான், வைரவர் வாகனத்தைத் தெருவில் கண்டால் கல் தேடுவதும் நாம்தான்.

முப்பது வருஷம் இந்தப் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்தேன். அதிகம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், வீடு சும்மா கிடக்கு. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். பர்மாத் தேக்குத் தூணை எவனாவது பெயர்த்துக்கொண்டு போய்விடுவான். ஒரு ராட்வீலர் வாங்கிக் கட்டிப்போட்டு விடலாமா?"

கவலை நியாயமானது. ஆனால் அந்த நாய் எதற்காக உண்டானது என்று பாருங்கள். ஜெர்மனியில் ராட்வைல் என்று ஓர் ஊர். அங்கே கறிக்கடைக்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். கூடவே இந்த நாய். மாடு விற்ற பணத்தைப் பையில் போட்டு நாயின் கழுத்தில் கட்டிவிட்டு, பயமில்லாமல் ஊர் திரும்புவார்களாம். ஆண் நாய் ஏறக்குறைய ஐம்பது கிலோ இருக்கும். எவன் கை வைப்பான்? டாபர்மேன் கதை இன்னும் வேடிக்கை. அபோல்டா என்ற ஊரில் வரி வசூலித்த ஒருவர், வசூலுக்குப் போகும்போது தன்னோடு வர ஒரு துணை வேண்டும் என்று உருவாக்கிய இனம் அது. அவர் பேர்தான் நாய்க்கும். வரி வசூலிப்பவருக்கு எந்த நாட்டிலும் துணை தேவைப்படுகிறது.

நம் கோம்பையும் ராஜபாளையமும் அப்படித்தான். காட்டுப்பன்றி வேட்டையில் ஆளோடு ஓடிய நாய்கள். ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல் தலையே வந்தது. இவற்றில் ஒன்றுகூட ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்க உண்டானதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. வீரன் ஒருவன் விழுந்து கிடக்கிறான். கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வீரன் பக்கத்தில் நாயின் உருவமும் உண்டு. அந்த நாய்க்குப் பேர் இருந்தது, கவனித்தீர்களா? அது காத்து நின்றது எந்த மாளிகையையும் இல்லை, தன் ஆளை.

இதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது. தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். நாயும் வளர்த்தவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் அது கூடுகிறது என்று 2015இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கையால் ஊட்டி வளர்த்த ஓநாயிடம் அது நடக்கவில்லை. பூட்டிய வீட்டில் நாய் யார் கண்ணைப் பார்க்கும்? தூணையா?

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். ஊர்ப் பேர் வேண்டாம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிற பெரிய வீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில். மூன்று மாதக் குட்டியாக ஒரு ராட்வீலரை வாங்கி வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டு முற்றத்தில் சங்கிலி போட்டுவிட்டுப் போனார். காவலுக்கு ஒரு பெரியவரும் அவர் மனைவியும். இரண்டு வருஷம் அந்த நாய் வெளித் தெருவைப் பார்க்கவில்லை. தட்டைக் கம்பால் தள்ளித்தான் சோறு வைப்பார்கள். கிட்டப் போனால் பாயும். ஒருநாள் நாற்றம் தாங்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கம்பின் நுனியில் ஊசியைக் கட்டி மயக்க மருந்து போட்டுவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கழுத்துப் பட்டையைக் காணோம். குட்டியாக இருந்தபோது மாட்டிய பட்டை, யாரும் தளர்த்தவில்லை. கழுத்து வளர்ந்து, பட்டை சதைக்குள் போய், சுற்றிப் புழு வைத்திருந்தது. வெட்டி எடுத்தேன். நாய்க்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினோரு நாள் கட்டுப் போடப் போனேன். அந்த அம்மா தினமும் எட்டடி தள்ளிப் படியில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பார். எடுத்துக்கொண்டே நாயோடு பேச்சு. மருமகள் சண்டை, ரேஷன் கடை, மழை வராதது, எல்லாம். நாலாம் நாள் நாய் அவர் குரல் வந்த பக்கம் திரும்பிப் படுத்தது. எட்டடி நாலடியானது. கடைசி நாள் நான் போனபோது முறத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது. "டேய், புளியைத் தின்னா பல்லு கூசும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லா நாயும் இப்படித் திரும்பும் என்று நான் சொல்லவில்லை. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். குழந்தை, கிழவர், சைக்கிள், தலைச்சுமைக்காரர், எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் பிறகு பாடுதான். தெருநாய் கடியும் ஐம்பது கிலோ நாயின் கடியும் ஒன்றல்ல. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. என்னைக் கேட்டால், இனத்தின் பட்டியலைவிட வாங்குகிறவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல்தான் வேண்டும். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், உடனே தடுப்பூசிக்குப் போங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு விஷயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெயில் காலத்தில் நாய்க்குச் சொர்க்கம். வயிற்றை ஒட்டிக்கொண்டு படுக்கும். ஆனால் பெரிய இனத்துக் குட்டி அந்த வழவழப்பில் வழுக்கி வழுக்கி ஓடினால் இடுப்பு மூட்டு கெட்டுப்போகும். வளரும் வரை கோணிச் சாக்கை விரித்து விடுங்கள். விருந்து வீட்டுக் கோழி எலும்பைப் போடாதீர்கள்; வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்தும்.

மறந்துவிட்டேனே, அந்த ராட்வீலர். அடுத்த வருஷம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வீட்டுக்காரர் வந்து இறங்கினார். முகப்பில் கால் வைத்ததும் நாய் நடுவில் வந்து நின்றுகொண்டது. குரைக்கவில்லை, நகரவும் இல்லை. உள்ளேயிருந்து அந்த அம்மா "நம்ம அண்ணன்தான்டா, விடு" என்றதும் ஒதுங்கிப் படுத்தது. சாயந்திரம் அவரிடமிருந்து எனக்குப் போன். "டாக்டர், வாங்கினது நான், மாசாமாசம் பணம் அனுப்புறது நான். என் வீட்டுக்குள்ள போக நான் அனுமதி கேட்கணுமா?"

கேட்கணும்ணே என்றேன்.