கையுறைக்குள் இருந்த கைகள்

நேயர்களுக்கு வணக்கம். இன்று செப்டெம்பர் 23, புனித பாத்ரே பியோவின் திருநாள். 1968இல் அவர் இறைவனடி சேர்ந்தது இதே நாளில்தான்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் அடுப்படி வாசலுக்கு மேலே அவருடைய படம் தொங்கும். புகை ஏறிப் பழுப்பான படம். தாடி வைத்த கப்புச்சின் சபைத் துறவி, கைகளில் விரல் நுனி மட்டும் தெரிகிற கையுறை. குளிருக்குப் போட்டிருக்கிறார் என்றே சின்ன வயதில் நினைத்தேன். நம் மலைக் குளிர் அப்படி. உள்ளே இருப்பது காயம் என்று அம்மாதான் சொன்னார்.

1918 செப்டெம்பர் 20. தென் இத்தாலியில், சான் ஜொவானி ரொத்தோந்தோ மடத்தில் சிலுவைக்கு முன்னால் ஜெபித்துக்கொண்டிருந்தார். வயது 31. சிலுவையில் இயேசுவுக்கு விழுந்தது போலவே கைகளிலும் கால்களிலும் விலாவிலும் காயம் விழுந்தது. ஐம்பது வருஷம் ஆறவில்லை. மற்றவர்கள் அதை வரம் என்றார்கள், அவருக்கோ கூச்சம். இந்த அடையாளத்தை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் கெஞ்சினார். வலியை எடுக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். அடையாளத்தைத்தான்.

இதை நான் விளங்கிக்கொண்டது அம்மாவின் கையைப் பார்த்துத்தான். கொரோனா காலத்தில், பூசையில் தருகிற நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்காமல் கையில் வாங்கச் சொன்னார்கள். அம்மா அப்போதும் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கறை தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆள்காட்டி விரலின் ஓரம் வெடித்து, வெடிப்புக்குள்ளே கறுப்புக் கோடு. சனிக்கிழமை பின்னேரம் தண்ணீர்ப் பீலிக்கரையில் உட்கார்ந்து கல்லில் தேய்த்தார். ரத்தம்தான் வந்தது. மறுநாள் வரிசையில் போய் நின்றவர், கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பாதர் காத்திருந்தார்.

"கையெல்லாம் கறையா இருக்கு பாதர்."

"பியோ சாமி காயக் கையாலதானேம்மா பூசை வச்சாரு. நீட்டுங்க."

அம்மா நீட்டினார். பின்னால் நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது. பாதர் சொன்னது உண்மை. பகலெல்லாம் மூடி வைத்த கையை, பூசை நேரத்தில் மட்டும் கையுறை கழற்றிப் பீடத்தில் உயர்த்துவார் பியோ.

அவரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வளர்ந்தார். பியெத்ரெல்சினா என்ற ஊர், விவசாயக் குடும்பம். சின்ன வயதில் ஆடு மேய்த்தார். மகனின் படிப்புச் செலவுக்காக அப்பா கடல் கடந்து அமெரிக்கா போய் உழைத்தார். பிள்ளையின் படிப்புக்காக அரபு நாட்டுக்குப் போன தாய்மார் எத்தனை பேர் நம் லயங்களில்! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் தூரத்து நாட்டுச் சாமியாகத் தெரிவதில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். 1931 முதல் 1933 வரை பொதுவில் பூசை வைக்கக் கூடாது என்று திருச்சபை தடை விதித்தபோது அவர் பொறுமையாகக் கீழ்ப்படிந்ததை இன்னொரு நாள் பேசலாம். அவர் முயற்சியால் 1956 மே 5இல் திறந்த ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன். சரி, பெயரையாவது சொல்லிவிடுகிறேன்: துன்பத்தைத் தணிக்கும் இல்லம். பிரசவ வலியோடு தோட்டத்து லொறியில் போனவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும்.

இன்று பின்னேரம் பூசைக்குப் போகிறவர்கள், என் அம்மாவுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். வணக்கம்.