மூங்கிலில் முடைந்த அரண்மனை

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநில அரச நகரான கோலகங்சார் போகிறவர்கள் பெரும்பாலும் உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய பள்ளிவாசல்தான். ஆனால் பள்ளிவாசல் இருக்கிற அதே புக்கிட் சண்டான் பகுதியில், நடந்து போகிற தூரத்தில், ஒரு மூங்கில் அரண்மனை நிற்கிறது. இஸ்தானா கெனாங்கான். தயவுசெய்து அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

பள்ளிவாசல் 1917-இல் முடிந்தது. வரைந்தவர் ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. கட்டும்போது யானைகள் இரண்டு சண்டையிட்டு அந்தக் கல்லை நாசமாக்கிய கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள். சரி, அரண்மனைக்கு வருவோம். 1926-இல், சுல்தான் இஸ்கந்தர் ஷா காலத்தில், சோப்பியான் என்ற மலாய்த் தச்சர் தம் மகன்கள் இருவரோடு கட்டியது. ஓர் இரும்பு ஆணிகூட இல்லை. மரத்தோடு மரத்தைக் கோத்தே நிறுத்தியிருக்கிறார்கள். புதிய அரண்மனை எழும்பிய 1931 முதல் 1933 வரை அரச குடும்பம் இங்கேதான் குடியிருந்தது. 1986-இல் அரச அருங்காட்சியகம் ஆனது.

என் மனதை விட்டுப் போகாதது அதன் சுவர். கிட்டே போய்ப் பாருங்கள், பலகை இல்லை, முடைந்த மூங்கில். நம் வீட்டு முறம் போலத்தான்: மூங்கிலைப் பிளந்து, சீவி, மெல்லிய பட்டைகளாக்கி, ஒன்றின் மேலும் இன்னொன்றின் கீழுமாகக் கோத்த வேலை. மலாய்க்காரர்கள் கெலாராய் என்பார்கள். முறத்துக்கு ஒரே நிறம், இங்கே மூன்று. அவை பேராக் கொடியின் நிறங்கள்: வெள்ளை சுல்தானுக்கு, மஞ்சள் அடுத்த வாரிசான ராஜா மூடாவுக்கு, கறுப்பு அவருக்கும் அடுத்த வரிசையிலுள்ள ராஜா டி ஹிலிருக்கு. அரியணையின் வரிசையே சுவரில் ஓடுகிறது.

அப்புறம் முடைந்த சுவரில் தெரியும் அந்தக் கட்டங்கள். மனிதர், விலங்கு உருவங்களைத் தவிர்ப்பது இஸ்லாமியக் கலை மரபு. மலாய்ச் சிற்பிகள் மரத்தில் இலையும் கொடியும் செதுக்கியது அதனால்தான். மூங்கிலுக்கோ அந்தச் சிரமமே இல்லை. முடைந்தாலே கட்டமும் சாய்சதுரமும்தான் வரும். காட்டுக்கும் கூடைக்கும் பழகிய பழைய கைத்தொழில், மார்க்கத்தோடு இவ்வளவு இயல்பாகச் சேர்ந்த இடம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை போகும்போது பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஒரே ஒரு கறுப்புப் பட்டையைப் பிடித்து, அது எங்கே மறைந்து எங்கே மேலே வருகிறது என்று சுவரின் மறுகோடி வரை கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள்.