குளிர் மழையில் பைக் ஓட்ட நீர்புகாக் கையுறை: எதைப் பார்த்து வாங்குவது?

[காட்சி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதை. தூறல். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைகள் மட்டும் திரையில்.]

வணக்கம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 50 கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் நாம் 1,900 மீட்டர் மேலே ஏறிவிடுகிறோம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஆறரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையில் 12 டிகிரி வித்தியாசம் வருகிறது. குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. கல்லாறு வரைக்கும் வியர்த்துக்கொண்டிருந்த அதே கை, குன்னூரைத் தாண்டும்போது ஈரத்தில் விறைத்துப்போகிறது. இப்படிப்பட்ட ஒரு பயணத்துக்கு எந்தக் கையுறை பொருந்தும் என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வானிலை அறிக்கையில் 10 டிகிரி என்று இருந்தாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதும்போது வெறும் தோலுக்கு அது 5 டிகிரி போலத்தான் உறைக்கும். இது உலர்ந்த தோலுக்கான கணக்கு. தோல் நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. ஏனென்றால் அசையாத காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது, அதோடு நீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தையும் நம் கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உடல் குளிரை உணர்ந்தவுடன் நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அதன் பிறகு பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரிவதில்லை.

இதன் விலையை மீட்டரில் சொல்லலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. விறைத்த விரல்கள் லீவரைத் தேடிப் பிடிப்பதற்கு அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே பைக் 8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். எதிரே பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும் கொண்டை ஊசி வளைவில் 8 மீட்டர் என்பது பெரிய தூரம். ஆகவே கையுறையை மதிப்பிடும்போது "இது கையை உலர்வாக வைத்திருக்குமா?" என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. "ஒரு மணி நேரம் மழையில் ஓட்டிய பிறகும் இதைப் போட்டுக்கொண்டு லீவரை உணர முடியுமா?" என்று கேட்க வேண்டும். நீர்புகாமை அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி மட்டுமே.

[காட்சி: நீளவாக்கில் வெட்டிப் பிரித்த கையுறையின் அடுக்குகள்.]

நீர்புகாக் கையுறை என்று விற்கப்படுகிறவற்றில் பெரும்பாலானவை மூன்று அடுக்குகளால் ஆனவை. வெளியே ஆட்டுத்தோலோ கனமான நைலான் துணியோ இருக்கும். உள்ளே கையைத் தொடும் மென்மையான லைனிங் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், கை வடிவத்திலேயே செய்த மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். தண்ணீரை உண்மையில் தடுப்பது இந்தச் சவ்வுதான். கோர்-டெக்ஸ், ஹைப்போரா, டிரைஸ்டார் என்று லேபிளில் காணும் பெயர்கள் எல்லாம் இந்தச் சவ்வின் பெயர்களே. 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து விரித்தபோது நுண்துளைகள் நிறைந்த ஒரு படலம் கிடைத்தது. கோர்-டெக்ஸ் அதிலிருந்து வந்தது. அந்தத் துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. ஆனால் வியர்வை ஆவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை.

லேபிளில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைவிட, சவ்வு கையுறைக்குள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். விலை குறைந்த கையுறைகளில் சவ்வு ஒரு தனிப் பைபோல உள்ளே செருகப்பட்டு, விரல் நுனிகளில் மட்டும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட கையுறையைப் போட்டுக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால், வெளித்தோல் ஒரு பக்கமும் உள்லைனிங் இன்னொரு பக்கமுமாக, உறைக்குள் நழுவும் தலையணைபோல அசையும். டீக்கடையில் நிறுத்தி ஈரக் கையை உருவும்போது லைனிங்கும் சேர்ந்து வெளியே வந்துவிடும்; அதன் பிறகு விரல்களைத் திரும்ப நுழைப்பது பெரும் பாடாகிவிடும். விலை கூடிய வகைகளில் சவ்வை வெளி அடுக்கோடு முழுப் பரப்பிலும் ஒட்டியிருப்பார்கள். லீவரின் உணர்வு அதில் தெளிவாகக் கிடைக்கும். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கவும் இடம் இருக்காது.

கடையில் இதைச் சோதிப்பது எளிது. கையுறையின் விரல் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்லைனிங்கை இன்னொரு கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். லைனிங் அரை அங்குலத்துக்கு மேல் தாராளமாக வெளியே வருகிறது என்றால் அதை வைத்துவிடுங்கள்.

அடுத்து, வெளி அடுக்கு. சவ்வு தண்ணீரை நிறுத்துகிறது என்பதால் வெளியே இருக்கும் துணி நனையாது என்று பொருளல்ல. புதிதாக வாங்கும்போது துணியின் மேல் நீரை உருட்டித் தள்ளும் ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு தேய்ந்த பிறகு துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கத் தொடங்கும். கை உலர்வாகத்தான் இருக்கும், ஆனாலும் குளிரும். நனைந்த துணியில் காற்று மோதி நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த நீர்ப்படலத்தைத் தாண்டி வியர்வை ஆவியும் வெளியேற முடிவதில்லை. இந்த வியர்வை ஈரத்தைத்தான் பலர் ஒழுக்கு என்று நினைத்துக் கையுறையைக் குறை சொல்கிறார்கள்.

ஒழுக்கு என்று நினைக்கப்படும் இன்னொன்று மணிக்கட்டு வழியாக வருகிறது. என் கணிப்பில் நனைந்த கைகளுக்கு முதன்மையான காரணம் இதுவே. சாதாரண பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது முழங்கை உயரத்திலும் மணிக்கட்டு அதைவிடத் தாழ்வாகவும் இருக்கும். ரெயின்கோட்டின் தோளிலும் கையிலும் விழும் மழை அந்தச் சரிவில் வழிந்து நேராக மணிக்கட்டுக்கு வருகிறது. கையுறையின் வாய்ப்பகுதி ரெயின்கோட் கைக்கு மேலே இருந்தால் அத்தனை தண்ணீரும் உள்ளேதான் இறங்கும். எவ்வளவு உயர்ந்த சவ்வு இருந்தாலும் அதற்குப் பிறகு பயனில்லை. எனவே இத்தகைய பைக்குகளில் ரெயின்கோட்டின் கை கையுறைக்கு மேலே வர வேண்டும். ஹேண்டில்பார் உயரமாக இருக்கும் அட்வென்சர் வகை பைக்குகளில் மணிக்கட்டும் முழங்கையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால், காற்றே மழையை ரெயின்கோட் கைக்குள் தள்ளிவிடும். அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு நீண்ட வாய்ப்பகுதி கொண்ட கையுறையை மேலே போட்டு இறுக்குவது பொருந்தும். எதுவானாலும் கையுறை வாங்கப் போகும்போது உங்கள் ரெயின்கோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கையில் எலாஸ்டிக் வைத்த ரெயின்கோட்டுக்குள் பருத்த வாய்ப்பகுதி நுழைவதில்லை என்பது பெரும்பாலும் வழியில், மழை பிடித்த பிறகுதான் தெரியவருகிறது.

[காட்சி: கடையில் நிற்கும் பைக்கின் லீவரை இரண்டு விரல்களால் இழுத்து விடும் கை.]

அளவைப் பொறுத்தவரை, கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகன்ற பகுதியைச் சுற்றி டேப்பால் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அட்டவணையை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். குளிருக்கு இறுக்கமாக இருக்கட்டும் என்று நினைப்பது தவறு. இறுக்கம், குளிரைத் தடுக்க உள்ளே வைத்திருக்கும் பஞ்சை நசுக்கி, அதில் தங்கியிருக்க வேண்டிய காற்றை வெளியேற்றிவிடும், இரத்த ஓட்டத்தையும் தடுக்கும். கையை விரித்துப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. ஹேண்டில்பாரைப் பிடியுங்கள், அந்த நிலையில் விரல் நுனிக்கு முன்னால் சில மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும், விரலிடுக்குகள் இழுக்கக்கூடாது. பிறகு லீவரை இழுத்து, கைப்பிடிக்கும் லீவருக்கும் நடுவில் மற்ற விரல்கள் சிக்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டு விரல்களால் பிரேக் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்குத் தடித்த கையுறை ஆபத்தாகிவிடலாம்: கைப்பிடியில் இருக்கும் இரண்டு பருத்த விரல்களில் லீவர் முட்டி நின்றுவிடும், பிரேக் முழுதாகப் பிடிக்காது. இண்டிகேட்டரையும் ஹாரனையும் பார்க்காமலே கட்டைவிரலால் தொட முடிகிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள்.

பஞ்சின் அளவு எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது. கோர்-டெக்ஸ் சவ்வோடும் கனத்த பஞ்சோடும் ஐரோப்பியக் குளிருக்கென்று செய்யப்படும் கையுறைகள், கோவையிலிருந்து கிளம்பும் ஒருவருக்குத் தேவைக்கு அதிகம் என்றே நினைக்கிறேன். அடிவாரத்தில் கை வியர்த்து லைனிங் ஈரமாகிவிட்டால், அதே ஈரம் மேலே போனதும் குளிரைக் கூட்டும். புறங்கையில் மட்டும் மெல்லிய பஞ்சும், உள்ளங்கையில் பஞ்சே இல்லாத ஒற்றைத் தோலும் கொண்ட கையுறை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போதுமானது. காற்று மோதுவது புறங்கையில்தான். உணர்வு தேவைப்படுவது உள்ளங்கையில். உறைபனி விழும் ஜனவரி அதிகாலையில் ஊட்டியைச் சுற்றி ஓட்டுகிறவர்கள் உள்ளே மெல்லிய கம்பளி லைனர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் அதைப் போட்டுக்கொண்டே அளவு பார்த்து வாங்க வேண்டும்.

விழுந்தால் கையைக் காப்பாற்றுவதும் இதே கையுறைதான் என்பதை மழைப் பேச்சில் மறந்துவிடக்கூடாது. இ.என். 13594 என்பது மோட்டார்சைக்கிள் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரம். அதில் நிலை 1, நிலை 2 என இரண்டு உண்டு; லேபிளில் கே.பி. என்ற எழுத்துகள் இருந்தால் விரல்முட்டிகளுக்கான காப்பும் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மணிக்கட்டுப் பட்டையை மாட்டிய பிறகு, கையுறையை விரல் பக்கமிருந்து பலமாக இழுத்துப் பாருங்கள்; கழன்று வந்தால், சாலையில் உரசும்போதும் கழன்றுதான் போகும்.

இடது கையின் கட்டைவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ சிறிய ரப்பர் பட்டை தைத்திருந்தால் அதை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹெல்மெட் வைசரில் வழியும் தண்ணீரைத் துடைப்பதற்கான வைப்பர் அது. வலது கை ஆக்சிலேட்டரையும் முன் பிரேக்கையும் விட முடியாது என்பதால் அதை இடது கையில் வைக்கிறார்கள்.

[காட்சி: சாலையோரக் கடையில் தொங்கும் கம்பளிக் கையுறைகள்.]

வழியில் கிடைப்பதைப் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டியில் விற்கும் பின்னல் கம்பளிக் கையுறைகள் நடப்பதற்கு நல்லவை. பைக்கில் காற்று அவற்றை ஊடுருவிவிடும், மழையில் அவை கனத்து, ரப்பர் கைப்பிடியில் வழுக்கும். கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அது லீவரில் சுற்றிக்கொள்ளும். வேறு வழியே இல்லாதபோது, சாதாரணக் கையுறைக்கு உள்ளே மருத்துவமனைகளில் பயன்படுத்தும் மெல்லிய நைட்ரைல் கையுறையைப் போட்டுக்கொள்வது இவற்றைவிட மேல். கை வியர்க்கும் என்றாலும் காற்றும் மழைநீரும் தோலைத் தொடாது. ஹேண்டில்பாரில் பொருத்தும் கைக்காப்புகள் காற்றையே முன்னால் நிறுத்திவிடுவதால், பல நேரங்களில் விலை உயர்ந்த கையுறையைவிட அதிகப் பலன் தருகின்றன. சூடாகும் கைப்பிடிகள் உள்ளங்கையை மட்டுமே சூடாக்கும். புறங்கைக் குளிருக்கு அவை உதவுவதில்லை.

வாங்கிய அன்றே வீட்டில் சோதித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்த பிறகு மழையில் தெரிந்துகொள்வதில் பயனில்லை. கையை நன்றாகத் துடைத்து, விரல் நுனிகளில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக் கையுறையைப் போட்டுக்கொண்டு, வாய்ப்பகுதிக்குக் கீழே வரை வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஐந்து நிமிடம் கையைச் சும்மா வைத்திருக்காமல், லீவரை இழுப்பதுபோல விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருங்கள். தையல்கள் அசைவில்தான் வாய் திறக்கின்றன. ஒரு விரலில் மட்டும் காகிதம் சொதசொதவென்று நனைந்திருந்தால் அந்த விரலின் சவ்விலோ தையலிலோ குறை இருக்கிறது. எல்லா விரல்களிலும் ஒரே மாதிரி லேசான ஈரம் இருந்தால் அது உங்கள் வியர்வை.

நனைந்த கையுறையை சைலன்ஸர் மேலோ ஹீட்டர் முன்போ வைத்துக் காய வைக்கக்கூடாது. தோல் விறைத்துச் சுருங்கும், சவ்வை ஒட்டியிருக்கும் பசையும் இளகிவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, காகிதத்தை மாற்றி மாற்றி வைத்து, நிழலில் உலர்த்துங்கள். பயண இரவில் அது முழுதாகக் காயாது என்பதால், நீண்ட பயணங்களுக்கு இரண்டாவது ஜோடி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. அது சாதாரண ஜோடியாக இருந்தாலும் பரவாயில்லை. வெளித்துணியில் தண்ணீர் உருளாமல் ஊறத் தொடங்கியதும், நீர்விலக்கும் ஸ்பிரேயை அடித்துப் பூச்சைப் புதுப்பிக்கலாம். ஒரு விரலில் ஒழுக ஆரம்பித்த சவ்வை மட்டும் வீட்டில் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. அந்த ஜோடியை வெயில் நாள்களுக்கு ஒதுக்கிவிடலாம்.