நம் ஆட்கள்தானே, உட்காரட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் லேத் மெஷின் முன்னால் 36 ஆண்டுகள் நின்றவன். அதில் பாதிக்கும் மேல் சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தேன். தொழிற்சங்கங்களுக்கும் அவை ஆதரிக்கும் கட்சிகளுக்கும் இடையே உள்ள மனக்கசப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம். ஆலை வாசலில் ஒலிபெருக்கி பிடித்து ஒன்றரை மணி நேரம் பேசிப் பழகிய வாய் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்தல் வந்தது. கட்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டுக் கேட்டாலும் கதை மாறாது. எங்கள் வேட்பாளருக்குத் தமிழில் நாலு வார்த்தை வராது. தொகுதியிலோ தெருவுக்குத் தெரு தமிழர்கள். அதனால் பதினெட்டு நாள், ஷிப்ட் முடிந்ததும் ஜீப்பில் ஏறிவிடுவேன். மர்பி டவுன் சந்துகளில் நான் பேசிய பேச்சுக்குத் தொண்டை கட்டி, வீட்டில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். வேட்பாளர் ஜெயித்தார். மந்திரியும் ஆனார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு மாதத்தில் தொழிற்சாலையில் ஒரு பிரச்சினை. கேன்டீன் தொழிலாளர்களை மொத்தமாக ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்போவதாகச் செய்தி. மந்திரி ஒரு வார்த்தை நிர்வாகத்திடம் சொன்னால் போதும் என்று ஏழு பேர் கிளம்பினோம். கையில் மனு, சிக்பேட்டையில் வாங்கிய பொன்னாடை ஒன்று. காலை ஏழு மணிக்கே மந்திரி வீட்டுத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். மரப் பெஞ்சு, ஒரு கால் குட்டை. யாராவது எழுந்தால் மற்ற ஆறு பேரும் ஒரு பக்கம் சாய்வோம்.

ஒன்பது மணிக்கு எதிர்ச் சங்கத்தார் நாலு பேர் வந்தார்கள். தேர்தலில் எங்கள் வேட்பாளரைத் தோற்கடிக்க உழைத்தவர்கள். கையில் எலுமிச்சம்பழம்கூட இல்லை. வந்த ஐந்தாவது நிமிடம் உள்ளே கூப்பிட்டார்கள். கோப்பைகள் உரசும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நான் எழுந்துபோய் உதவியாளரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "நீங்கள் நம் ஆட்கள்தானே, உட்காருங்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு போனால் நாளைக்குப் பத்திரிகையில் வந்துவிடும்."

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னார். பெரிய தலைவர்கள் யாரும் இவ்வளவு தெளிவாக எங்களுக்கு விளக்கியதில்லை.

பதினொன்றரைக்கு மந்திரி வெளியே வந்தார். காருக்கு நடந்துகொண்டே பொன்னாடையை வாங்கிக்கொண்டார். என் தோளில் கைபோட்டு, "நீங்கள் பேசிய பேச்சு இன்னும் காதில் ஒலிக்கிறது" என்றார். கார் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் தலைவர், கோலார் தங்கவயல்காரர், தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பொன்னாடையைக் கொடுத்துவிட்டோம், மனு இங்கேயே இருக்கிறது." ஏழு பேரும் சிரித்தோம். இறங்குகிற வரைக்கும் அப்புறம் யாரும் பேசவில்லை.

இது ஏதோ எங்கள் ஒரு சங்கத்தின் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். கொடி எந்த நிறமானாலும் அந்தப் பெஞ்சு உண்டு. 1947 மே மாதம் தொடங்கிய ஐ.என்.டி.யு.சி. தொழிற்சங்கம் காங்கிரஸின் மடியில் வளர்ந்தது. அதே ஐ.என்.டி.யு.சி. 2012 பிப்ரவரி 28 அன்று, டெல்லியில் மன்மோகன் சிங் ஆட்சி இருக்கும்போதே, மற்ற மத்தியச் சங்கங்களோடு சேர்ந்து அகில இந்திய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தத்தோபந்த் தெங்கடி 1955இல் தொடங்கியது பி.எம்.எஸ். என்ற பாரதிய மஸ்தூர் சங்கம். பா.ஜ.க.வும் அதுவும் ஒரே குடும்பம். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது அந்த ஆட்சியின் பொருளாதாரக் கொள்கையை வெளிப்படையாகச் சாடியவர்களில் தெங்கடியும் ஒருவர். ஆனால் 2015 செப்டம்பர் 2 வேலைநிறுத்தத்தில், அரசு கொடுத்த வாக்குறுதியை நம்பி பி.எம்.எஸ். கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. மற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சிவப்புக் கொடி மட்டும் விதிவிலக்கா? 2008இல் மேற்கு வங்க முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா, தொழிலதிபர்கள் கூட்டத்தில், தனிப்பட்ட முறையில் தனக்கு பந்த் பிடிக்காது என்றார். அவர் கட்சியின் தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு.வுக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, ஒரு நல்ல கதையும் சொல்ல வேண்டும். வி.வி. கிரி. குடியரசுத் தலைவராக இருந்தவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அதற்கு முன் இங்கே, அன்றைய மைசூர் மாநிலத்துக்கு ஆளுநராகவும் இருந்திருக்கிறார். ஆனால் அடிப்படையில் அவர் ரயில்வே தொழிலாளர்களோடு நின்ற சங்கக்காரர். நேரு அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை அரசு மாற்றியது. அதை ஏற்காமல் 1954இல் கிரி பதவியை விட்டு விலகினார். பதவியை விட்டார், சங்கத்தாரின் மரியாதையை விடவில்லை. அவரைப் போல் இன்னொருவரைச் சொல்லுங்கள் என்று இளைஞர்கள் கேட்டால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சந்தா. வீட்டில் இதை ஆரம்பித்தால் பேரன் எழுந்து போய்விடுவான். நீங்களாவது இருங்கள்.

நான் சேர்ந்த காலத்தில், அதாவது பெங்களூர்ப் பொதுத்துறை ஆலைகளில் 77 நாள் வேலைநிறுத்தம் நடந்த 1980, 81 காலத்தில், எங்கள் சங்கத்தில் சந்தாவைக் கையில்தான் வசூலித்தோம். சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே ரசீதுப் புத்தகத்தோடு நிற்போம். மாதம் இரண்டு ரூபாய். இரண்டு ரூபாய்க்கு அவனவன் கேட்கிற கேள்வி இருக்கிறதே! "உங்கள் கட்சி ஆட்சிதானே, பஞ்சப்படி என்ன ஆயிற்று?" "மந்திரியோடு போட்டோ எடுத்தீர்களே, கேன்டீன் சாம்பாரில் பருப்பு வந்ததா?" உலோகம் உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் ஒரு பெரியவர் இருந்தார். முழு ஐந்து நிமிடம் திட்டிவிட்டுத்தான் மடித்து வைத்த இரண்டு ரூபாய் நோட்டை எடுப்பார். திட்டாத மாதம் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அந்தத் திட்டுதான் எங்கள் மூலதனம். செயற்குழுவில் யாராவது, "நம் ஆட்சி, கொஞ்சம் பொறுப்போம்" என்றால், "அப்படியானால் அடுத்த ஏழாம் தேதி ஃபவுண்டரி கேட்டில் நீ போய் நில்" என்போம். ஆள் அடங்கிவிடுவான்.

பிறகு சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டோம். வசூல் நூற்றுக்கு நூறு. சங்க நிதி நிறைந்தது, அலுவலகத்துக்கு மின்விசிறி வந்தது. அந்தத் தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. ஆனால் கேட்டில் நிற்கும் வேலை போய்விட்டது. சம்பள நாளில் எங்களைத் திட்ட ஆளில்லை. எங்களைக் கூப்பிட்டுப் பேச மீதி இருந்தது கட்சி அலுவலகம் ஒன்றுதான். அதுவும் தேர்தல் சமயத்தில். நான் சொன்ன அந்தப் பெஞ்சுக்கு நாங்கள் போனது இதற்கு அப்புறம்தான். கட்சி எங்களை உட்கார வைத்தது என்று சொல்கிறேன். உட்கார்ந்தது யார்? மூன்றே ஆண்டு முன்னால் என்றால், ஃபவுண்டரிப் பெரியவருக்குப் பயந்தாவது ஒன்பது மணிக்கே எழுந்து வந்திருப்போம். அந்த நாலு பேர் உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டோம்.

திட்டுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் சங்கம் வாய் திறக்கும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில், ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் எதிர்த்தன. தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வே எதிர்த்தது. மூன்றாம் நாள் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று முதல்வரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்து நாள் கணக்கு. இங்கே கர்நாடகத்திலோ, அதே ஆண்டு பிப்ரவரியில் பா.ஜ.க. ஆட்சி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மசோதா கொண்டுவந்தது. 2025இல் காங்கிரஸ் ஆட்சியில் ஐ.டி. நிறுவனங்களுக்குப் பத்து மணி நேரம் என்று பேச்சு எழுந்தது. இந்த மாற்றத்தை விரிவாகச் சொல்லலாம் என்று…

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் மீதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாலைப் பற்றியும் எழுதிக்கொண்டு வந்திருந்தேன், இரண்டு பக்கம். அதை மடித்து வைத்துவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது.

2016 ஏப்ரல் 18. ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி அருகே பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு கொண்டுவந்த விதியை எதிர்த்து. நான் பழக்கதோஷத்தில் இறங்கிப்போய்க் கொடியைத் தேடினேன். ஒரு கொடியும் இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "எந்தச் சங்கம் அம்மா?" என்று கேட்டேன். தமிழ்ப் பெண்தான், பேச்சு கிருஷ்ணகிரிப் பக்கம். "சங்கமா? அது எங்கள் பணம் ஐயா" என்றாள். மறுநாளும் உட்கார்ந்தார்கள். அன்றே, 19ஆம் தேதி, டெல்லியில் அந்த விதியைத் திரும்பப் பெற்றார்கள்.

எத்தனை தேர்தலில் எத்தனை ஜீப்பில் ஏறினேன் என்று அன்றைக்கு ஓசூர் ரோட்டு வெயிலில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்… இதோ ஒரு விரல் காட்டிவிட்டார்கள். வணக்கம்.