பத்தாவது இருக்கை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இரு அணிகளிலும் வீற்றிருக்கும் நண்பர்களே, புதுவைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பதினாறு மணி நேரமும் அதற்கு மேலும் தரையிறங்காமல் பறக்கும் விமானத்தில் எக்கானமி வகுப்புப் பயணியின் சுகத்தைத் தீர்மானிப்பது கால் நீட்டும் இடமா, தோளுக்கான அகலமா என்பது இன்று நம்முன் உள்ள கேள்வி. காலுக்காக வாதிட்ட எதிரணித் தலைவர் தம் முழங்கால் முன் இருக்கையில் இடித்த கதையைச் சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார். அவரை அடுத்துப் பேசிய அம்மையார், ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்–லண்டன் விமானத்தில் 32 அங்குலமாக இருக்கும் இடைவெளியை, சிட்னி–லண்டன் பயணத்துக்கென வாங்கும் புதிய விமானங்களில் 33 அங்குலமாக உயர்த்துவதைச் சான்றாகக் காட்டினார். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டே இறங்குகிறேன். நான் தோளின் கட்சி.

லாஸ்பேட்டையில் ஏறிப் பெங்களூரில் இறங்கும் சிறு விமானத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு மணி நேரச் சொச்சத்தை மனிதன் எப்படியும் பொறுத்துக்கொள்வான். ஆனால் அதே பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏர் இந்தியா 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய விமானத்துடன் ஒரு நேரடிச் சேவையைத் தொடங்கியதே, அது ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் தொலைவு. பெர்த்–லண்டன் 14,498 கிலோமீட்டர். சிங்கப்பூர்–நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல். பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும் பயணம். இத்தனை நேரத்தில் ஒருவர் இரண்டு மூன்று வேளை சாப்பிட்டாக வேண்டும், ஓர் இரவு முழுவதும் தூங்கியாக வேண்டும், பலமுறை எழுந்து போய்வந்தாக வேண்டும். ஆகவே உண்ணவும் உறங்கவும் எழவும் எந்த அளவு உதவுகிறது என்பதுதான் இங்கே உரைகல்.

முதலில் எதிரணி முழங்கிய அந்த 31, 32, 33 அங்குலங்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்ப்போம். விமானத் துறையில் பிட்ச் என்று சொல்லும் இந்த அளவு, ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம். முன் இருக்கையின் முதுகுப் பலகையின் பருமனும் அதற்குள் அடக்கம். எனவே 31 அங்குலம் என்றால் காலுக்கு 31 அங்குலம் கிடைக்கிறது என்று பொருளில்லை. முதுகுப் பலகையை மெல்லியதாக்கி, பத்திரிகை செருகும் பையை முழங்காலுக்கு நேராக வைக்காமல் உணவுப் பலகைக்கு மேலே ஏற்றிவிட்டால், இடைவெளியைக் கூட்டாமலேயே முழங்காலுக்கு இடம் கூடுகிறது. பல நிறுவனங்கள் இன்று இதைச் செய்திருக்கின்றன. மெத்தை மெலிந்து உட்காரும் இடம் நோகிறது என்ற குறையும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. இருந்தாலும், நீளத்தில் இழந்ததைக் கொஞ்சமாவது மீட்க வழி இருக்கிறது என்பதே என் வாதம். அகலத்துக்கு அப்படி எந்த வழியும் இல்லை. விமானத்தின் உடல் ஓர் உருளை. அதன் குறுக்களவு தொழிற்சாலையிலேயே முடிந்துபோன விஷயம். அந்தக் குறுக்களவுக்குள் ஒன்பது பேருக்குப் பதிலாகப் பத்துப் பேரை உட்கார வைத்தால், பத்தாவது ஆளுக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் இடுப்பிலிருந்தும் நடைவழியிலிருந்தும்தான் வெட்டியெடுக்கப்பட வேண்டும்.

இந்த வெட்டு எப்படி நடந்தது என்பது சுவையான வரலாறு. போயிங் 777 விமானம் 1995-இல் பறக்கத் தொடங்கியபோது பெரும்பாலான நிறுவனங்கள் எக்கானமியில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் வைத்தன. ஒவ்வொன்றும் 18 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். பின்னர் ஒவ்வொன்றாக மூன்று–நான்கு–மூன்று என்று பத்துக்கு மாறின. அகலம் 17 அங்குலத்தை ஒட்டி இறங்கியது. போயிங் 787-க்கும் இதே கதிதான். இரண்டு–நான்கு–இரண்டு என எட்டுப் பேர் தாராளமாக உட்காரும் விமானமாக அது முன்வைக்கப்பட்டது. வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்பது இருக்கைகளைப் பொருத்திக்கொண்டார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பன்னாட்டு 787 விமானங்களில் எட்டோடு நிறுத்திக்கொண்டது இன்றும் எடுத்துச் சொல்லத்தக்க விதிவிலக்கு. கடலூர்–புதுவைப் பேருந்தில் மூவர் இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்து, நடத்துநர் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் தோளை உள்ளே இழுத்துக்கொள்பவரை நாம் அறிவோம். அவர் முக்கால் மணியிலோ ஒரு மணியிலோ இறங்கிவிடுவார். அதே நிலையில் ஒருவரைப் பசிபிக் பெருங்கடலுக்கு மேலே இரவு முழுவதும் வைத்திருப்பதுதான் இந்தப் பத்தாவது இருக்கை.

நிறுவனங்கள் ஏன் அகலத்தில் கைவைத்தன? கணக்கு எளியது, நடுவர் அவர்களே. முப்பது வரிசை எக்கானமி என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு ஓர் அங்குலம் இடைவெளியைக் குறைத்தால் மொத்தம் முப்பது அங்குலம் மிஞ்சும். அதில் புதிதாக ஒரே ஒரு வரிசை, அதாவது ஒன்பது இருக்கைகள் கிடைக்கும். வரிசைக்கு ஓர் இருக்கை கூட்டினாலோ முப்பது இருக்கைகள் கிடைக்கும். நீளத்தை வெட்டுவதைவிட அகலத்தை வெட்டுவதில் மூன்று மடங்கு லாபம் இருக்கிறது. விளம்பரங்களிலும் கால் நீட்டும் இடத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். அகலத்தைப் பெரிதாகப் பேசுவோர் குறைவு. எதிரணி நண்பர்களும் அந்த விளம்பரங்களையே கூடுதலாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது என் எளிய ஊகம்.

இனித் தூக்கத்துக்கு வருகிறேன். இந்தத் தலைப்பின் உயிர்நாடியே அதுதான். காலுக்கு இடம் குறைந்தால் மனிதன் சமாளிக்கிறான். முன் இருக்கைக்கு அடியில் பாதத்தை நீட்டுகிறான், மடக்குகிறான், நடைவழிப் பக்கம் திருப்புகிறான். தோளுக்கு இடம் குறைந்தால் என்ன செய்வான்? ஆண்களில் பலருக்குத் தோளகலம் 18 அங்குலத்தைத் தாண்டும். விமான நிறுவனம் சொல்லும் 17 அங்குலமோ இரு கைப்பிடிகளுக்கு நடுவே இடுப்பு மட்டத்தில் அளந்தது. ஆகவே நடு இருக்கைக்காரர் இரண்டு கைகளையும் மார்போடு கட்டி, தோள்களைக் குறுக்கி, அந்தக் குறுக்கலைத் தசைகளின் வலுவால் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கம் வந்த கணத்தில் தசை தளரும்; தோள் பக்கத்தவர் மேல் படும்; அவர் அசைவார்; இவர் விழிப்பார். இரவு முழுவதும் இதே கதைதான். ஏர்பஸ் நிறுவனம் 2013-இல் நெடும் பயணங்களுக்கு 18 அங்குலத்தைக் குறைந்தபட்ச அளவாக்க வேண்டும் என்று குரல் கொடுத்தபோது, லண்டன் தூக்க ஆய்வு மையம் ஒன்று நடத்திய சோதனையைக் காட்டியது: 17 அங்குல இருக்கையைவிட 18 அங்குல இருக்கையில் தூக்கத்தின் தரம் 53 விழுக்காடு மேம்பட்டதாக அது சொன்னது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே ஏர்பஸ்தான். ஆகவே 53 என்ற எண்ணை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப் போவதில்லை. ஆனால் போட்டி நிறுவனத்தின் விமானங்கள் எங்கே பலவீனமானவை என்று தேடியவர்கள் காலை விட்டுவிட்டுத் தோளில் கைவைத்தார்கள் என்பதை எதிரணி கவனிக்கட்டும்.

அடுத்து, எழுந்து நடப்பது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அடிப்படை அபாயம் சிறியதுதான்; அச்சுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. அசையாமல் இருப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். அப்படியானால் எழுவதற்குத் தடையாக நிற்பது எது? வரிசையின் அமைப்பு. இரண்டு–நான்கு–இரண்டு அமைப்பில் எந்தப் பயணியும் ஒரே ஒருவரைத் தாண்டினால் நடைவழிக்கு வந்துவிடலாம். மூன்று–மூன்று–மூன்று அமைப்பிலும் மூன்று–நான்கு–மூன்று அமைப்பிலும் ஜன்னலோரப் பயணி இருவரை எழுப்ப வேண்டும். நள்ளிரவில் தூங்கும் இரண்டு அந்நியர்களை எழுப்பக் கூசி, தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! முன்னால் இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பதால் அந்தக் கூச்சம் போய்விடாது. அப்படியே எழுந்து வந்தாலும், பத்தாவது இருக்கைக்காக ஒடுங்கிய நடைவழியில் உணவு வண்டி வந்துவிட்டால் ஒதுங்க இடமிருக்காது.

எதிரணித் தலைவரின் ஆறடி உயரத்துக்கு மரியாதை செய்துவிட்டு ஒன்று கேட்கிறேன். நம் புதுவையிலிருந்தும் கடலூரிலிருந்தும் இந்த மிக நீண்ட விமானங்களில் ஏறுபவர்களில் ஒரு பெருங்கூட்டம் யார்? அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்கள். ஐந்தடியை ஒட்டிய உயரம், அறுபதை ஒட்டிய வயது, மடியில் கைப்பை, காலடியில் ஊறுகாய் பாட்டிலைப் பற்றிய கவலை. இவர்களுக்கு முழங்கால் இடிப்பதே இல்லை. கால் தரையைத் தொடாமல் தொங்குகிறது, இருக்கையின் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்துகிறது. மேலே நான் குறிப்பிட்ட அதே உலக சுகாதார நிறுவன ஆய்வு, 190 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், 160 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கும் இரத்தம் உறையும் அபாயம் கூடுதல் என்கிறது. முன் இருக்கையை இன்னும் தள்ளிவைத்தால் இந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? எட்டாத தொலைவுதான் கிடைக்கும். அகலம் கூடினால் ஒருக்களித்து உட்காரலாம், ஒரு காலை மடித்துக்கொள்ளலாம், வீட்டில் உட்காருவதுபோல் சற்றே உட்காரலாம். மிக உயரமானவர்களுக்கு நீளம் இன்றியமையாதது என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். எதிரணித் தலைவருக்கு அவசரகால வாயிலருகே ஓர் இருக்கை கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். ஆனால் அகலம் உயரமானவருக்கும் வேண்டும், குட்டையானவருக்கும் வேண்டும், பருத்தவருக்கும் வேண்டும். மெலிந்தவருக்கும்கூட வேண்டும், ஏனெனில் பக்கத்தில் பருத்தவர் உட்காரக்கூடும்.

இனி அம்மையார் காட்டிய குவாண்டாஸ் சான்று. அவர் சொன்ன அளவு சரியானதே. ஆனால் பெர்த்–லண்டன் பறப்பது 787. வரிசைக்கு ஒன்பது, அகலம் 17 அங்குலத்துக்குச் சற்று மேல். புதிதாக வருவது ஏர்பஸ் ஏ350-1000. அதிலும் வரிசைக்கு ஒன்பதுதான், ஆனால் உடல் அகன்ற விமானம், எனவே இருக்கையும் 18 அங்குலத்தை நெருங்குகிறது. அம்மையார் நீளத்தின் கணக்கில் எழுதிய வரவில் ஒரு பாதி அகலத்துக்குச் சேர வேண்டியது. மற்ற நிறுவனங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கைகள் வைக்கும் அந்த விமானத்தில் குவாண்டாஸ் 238 மட்டுமே வைக்கிறது. நடுவில் பயணிகள் எழுந்து வந்து நின்று உடம்பை நீட்டி நெளிக்க ஒரு தனி இடமும் ஒதுக்குகிறது. 33 அங்குலத்திலேயே சுகம் நிறைந்துவிடும் என்று அவர்கள் நம்பியிருந்தால் இந்த இடம் எதற்கு?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. வழக்கமான நெடும் பயணத்தில் 253 பேரை ஏற்றும் ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர வகையில், நியூயார்க் பயணத்துக்காக 161 இருக்கைகளே வைத்தது. எக்கானமி வகுப்பே கிடையாது. எரிபொருளும் எடையும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. அங்கே மிகக் குறைந்த வகுப்பான பிரீமியம் எக்கானமியில் 38 அங்குல இடைவெளி தருகிறார்கள் என்று எதிரணி துள்ளும். அதோடு வரிசைக்கு எட்டுப் பேர் என்று நிறுத்தி 18.5 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் தருகிறார்கள். பின்கோடியில் விமான உடல் ஒடுங்கும் இடத்தில் இரண்டு இருக்கைகளை நெருக்கித் திணிக்காமல், ஜன்னலோரம் ஒற்றை இருக்கையை வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஆளே இல்லாத இருக்கை! அதற்கும் 38 அங்குலம்தான், அதன் முன்னே உள்ளதற்கும் 38 அங்குலம்தான். ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் எதைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு சான்றை நம் பாரிசு உறவினர்கள் அறிவார்கள். ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுந்தூர விமானங்களில் பிசினஸ் வகுப்பு என்று விற்கப்படுவது பெரும்பாலும் அதே எக்கானமி இருக்கைதான். நடு இருக்கையை மட்டும் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் அதிக விலை. நியூசிலாந்து நிறுவனம் எக்கானமியிலேயே படுக்கை தருவது எப்படி? மூன்று இருக்கைகளைப் பக்கவாட்டில் சேர்த்து, அடியிலுள்ள கால்பலகைகளை உயர்த்தி, ஒரே மெத்தையாக்கி விற்கிறது. எக்கானமியில் மனித உடம்பு கிடைமட்டமாக நீள வேண்டுமானால் அதற்கு வழி பக்கவாட்டில்தான் இருக்கிறது.

நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும் முன், எதிரணியினர் மூவரையும் ஒரே ஒரு கேள்வி கேட்குமாறு வேண்டுகிறேன். டெல்லியில் சான்பிரான்சிஸ்கோ விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கதவு சாத்தப்படப் போகிறது. முன் வரிசை இருக்கை காலியாகவும் பக்கத்து இருக்கை நிரம்பியும் இருக்க வேண்டுமா, முன் இருக்கை நிரம்பிப் பக்கத்து இருக்கை காலியாக இருக்க வேண்டுமா? கடைசிப் பயணி உள்ளே வரும்போது அவர்கள் எந்த இருக்கையைப் பார்த்துப் பதறுவார்கள் என்பதை நடுவரிடம் மனச்சாட்சிப்படி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.